அவருக்கு முழங்கால் வீக்கம். எனக்கு ஏன் மருந்து?

முழங்கால் வீங்கினால் எமது ஊர்களில் அதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். வாதம் என்பார்கள். பனி பட்டது என்பார்கள். வயலுக்குள் ஈரத்தில் நின்றதால் வந்த வருத்தம் என்பார்கள். 2006ஆம் ஆண்டின் இறுதியில் மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளில் சிக்குன்குனியா பரவிய பிறகு, "அந்தக் காய்ச்சல் விட்டுப்போன நோவு" என்பதும் இவற்றோடு சேர்ந்து கொண்டது. மூட்டு நோவுக்குக் காரணங்கள் பல என்பது உண்மைதான். ஆனால் இளவயது ஆண் ஒருவருக்கு முழங்கால் வீக்கமும், சலம் கழிக்கும்போது எரிவும், கண் சிவப்பும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்திருந்தால், அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அந்தக் காரணத்தைப் பெண்களாகிய நாம் அறிந்து வைத்திருப்பது அவசியம். ஏனெனில் நோய் அவருடைய காலில் தெரிந்தாலும், அதைத் தொடக்கி வைத்த கிருமி எமது உடம்பிலும் சத்தமில்லாமல் இருக்கக் கூடும்.

இதனை நான் கேள்விப்பட்டு மட்டும் எழுதவில்லை. செங்கலடியில் எனது வீட்டில் நடந்தது இது. எங்கள் மாதர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, கூட்டம் முடிந்து எல்லோரும் போன பின்னர் இரண்டு பெண்கள் தனியாக வந்து என்னிடம் கேள்வி கேட்டார்கள். அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. பெயர் போடாமல் எழுதுவதற்கு என் கணவரும் சம்மதித்தார்.

எங்கள் வீட்டில் நடந்தது

நாங்கள் பதுளை வீதியில், கறுப்புப் பாலத்துக்கு அப்பால் இருந்தவர்கள். 2007ஆம் ஆண்டு சண்டையோடு இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, பிறகு செங்கலடியில் அம்மாவின் வளவுக்குள் ஒரு வீடு கட்டிக் கொண்டோம். கணவர் மேசன் வேலை செய்பவர். ஊரில் வேலை குறைவு என்பதால் கொழும்பில் கட்டட வேலைக்குப் போய், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார்.

அப்படி ஒரு முறை வந்திருந்தபோது, சலம் போகும்போது கடுக்கிறது என்றார். வெயிலில் நின்ற சூடு என்று இளநீர் குடித்தார். சில நாட்களில் இரண்டு கண்களும் சிவந்தன. கண்நோய் என்று நினைத்தோம். அதற்குப் பிறகுதான் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. இடது குதிக்கால் காலையில் நிலத்தில் ஊன்ற முடியாமல் நொந்தது. ஒரு கால்விரல் அடியிலிருந்து நுனி வரை மொத்தித்துப் போனது. மேசன் வேலை செய்பவருக்குக் குந்தி எழும்ப முடியாவிட்டால் சம்பளம் இல்லை.

"மருமகனுக்கு ஆரோ செய்வினை செஞ்சு போட்டாங்க மகள்" என்றார் அம்மா. பரியாரியிடம் எண்ணெய் வாங்கிப் பூசினோம். மருந்துக் கடையில் நோவுக்குக் குளிசை வாங்கினோம். ஒரு சோடித் தோடு அடகுக்குப் போனது. வீக்கம் வற்றவில்லை.

கடைசியில் வைத்தியசாலைக்குப் போனோம். அங்கிருந்த வைத்தியர் காலை மட்டும் பார்க்கவில்லை. கண் எப்போது சிவந்தது, சலத்தில் எரிவு இருந்ததா, வயிற்றோட்டம் வந்ததா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். அவரைத் தனியே கூப்பிட்டும் பேசினார். பிறகு பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அங்கே அவருக்குப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்ததோடு, மனைவியையும் வரச் சொல்லி ஒரு துண்டு கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று நாட்கள் அவர் அந்தத் துண்டை என்னிடம் தரவில்லை. நான்காம் நாள் சோறு போட்டுக் கொடுத்தபோது, அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்ப ஒண்டும் கேக்காத. கிளினிக்குக்கு மட்டும் போ" என்றார்.

எனக்குக் காய்ச்சலோ நோவோ இல்லை. வெள்ளைபடுதல்கூட வழமைபோலத்தான் இருந்தது. வருத்தமே இல்லாத நான் ஏன் மருந்து குடிக்க வேண்டும்? அந்த வாசலில் நிற்பதை ஊரவர் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள்? இரண்டு நாள் இதே யோசனையாக இருந்தது. ஆனாலும் போனேன். அங்கே இருந்த பெண் வைத்தியர் கதவைச் சாத்திவிட்டு அரை மணித்தியாலம் என்னோடு பேசினார். அவரிடம் கேட்டதும், அதற்குப் பிறகு தேடி அறிந்து கொண்டதும்தான் கீழே வருவது.

மூட்டு ஏன் வீங்குகிறது?

இந்த நோயை வைத்தியர்கள் 'ரியக்டிவ் ஆத்ரைட்டிஸ்' என்கிறார்கள். எதிர்வினை மூட்டழற்சி என்று தமிழில் சொல்லலாம். உடம்பின் ஓரிடத்தில் கிருமி தொற்றுகிறது. அதனை எதிர்க்க எமது உடம்பின் காவல் சக்தி எழும்புகிறது. அந்த எதிர்ப்பு கிருமி இருந்த இடத்தோடு நில்லாமல் மூட்டுகளையும் கண்ணையும் தாக்கி விடுகிறது. ஒருவரைத் தேடி வந்து ஊரையே சுற்றி வளைத்து அடித்த காலத்தைக் கண்டவர்கள் நாம். ஏறக்குறைய அதுபோலத்தான் உடம்புக்குள்ளும் நடக்கிறது.

கிருமி தொற்றி ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் மூட்டு வீங்கும். அதற்குள் சலக்கடுப்பு மாறியும் விடலாம். அதனால் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. முழங்கால், கணுக்கால், பாதம் ஆகியனவே அதிகம் பாதிக்கப்படும். ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் இருக்கும். குதிக்கால் நோகும், இடுப்பின் அடிப்பகுதி விறைக்கும், கால்விரல் முழுவதும் மொத்திக்கும். சிலருக்கு உள்ளங்காலில் தோல் தடித்து உரியும், வாயில் நோவில்லாத புண் வரும், ஆணுறுப்பின் நுனியில் சிவந்த புண் தோன்றும். சிக்குன்குனியா அப்படியல்ல. அதில் முதலில் கடும் காய்ச்சல் வரும். கைவிரல்கள், மணிக்கட்டு உட்பட இரு பக்க மூட்டுகளும் சேர்ந்து நோகும்.

பாலுறவினால் தொற்றும் கிருமிகளுள் கிளமிடியா என்பதே இந்த மூட்டு நோயோடு அதிகம் தொடர்புடையது. 20 வயது முதல் 40 வயது வரையிலான ஆண்களிடத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கிளமிடியா தொற்றிய எல்லோருக்கும் மூட்டு வீங்குவதில்லை, ஒரு சிலருக்கே வீங்கும். எச்.எல்.ஏ. பி27 என்ற பரம்பரைக் கூறு உள்ளவர்களுக்கு வாய்ப்பும் கூட, நோய் நீடிப்பதும் கூட.

யுத்தத்தில் எழுதப்பட்ட நோய்

இந்த நோயின் வரலாறு யுத்தங்களோடு சேர்ந்தே வருகிறது. 1916ஆம் ஆண்டு, முதலாம் உலக யுத்தத்தின்போது, ஹான்ஸ் ரைட்டர் என்ற ஜேர்மன் இராணுவ வைத்தியர் ஓர் இராணுவ அதிகாரிக்கு வந்த வருத்தத்தைப் பதிவு செய்தார். வயிற்றோட்டம் வந்து சில நாட்களில் அந்த அதிகாரிக்குச் சலக்கடுப்பும், கண் சிவப்பும், மூட்டு வீக்கமும் வந்திருந்தன. அதே ஆண்டில் பிரான்சில் ஃபீசாஞ்சே, லெறுவா என்ற வைத்தியர்களும் இவ்வாறே படைவீரர்களிடம் கண்டு எழுதினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில், 1944ஆம் ஆண்டு பின்லாந்துப் படையினரிடையே வயிற்றுளைவு பெரிதாகப் பரவியது. அதனைத் தொடர்ந்து இந்த மூட்டு நோய் வந்த 344 பேரைப் பற்றி பாறோனன் என்ற வைத்தியர் 1948ஆம் ஆண்டு எழுதினார்.

நீண்ட காலம் இந்த நோய் ரைட்டரின் பெயராலேயே அழைக்கப்பட்டது. ஆனால் அவர் பின்னாளில் ஹிட்லரின் ஆட்சியில் உயர் சுகாதாரப் பதவி வகித்தவர். கைதிகளை வைத்துச் செய்யப்பட்ட கொடிய பரிசோதனைகளில் சம்பந்தப்பட்டவர். ஆகவே வைத்திய உலகம் அவருடைய பெயரை விலக்கி வருகிறது. கிளினிக் கொப்பியில் 'ரைட்டர்' என்று பழைய பெயர் எழுதியிருந்தால், அதுவும் இதே நோய்தான்.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பின்லாந்துப் படையினருக்கு மூட்டு வீங்கியது வயிற்றுளைவினால். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஷிகெல்லா, சல்மொனெல்லா போன்ற கிருமிகளும் இதே மூட்டு நோயைக் கொண்டு வரும். அப்படி வரும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய சமமாகவே வரும். சலக்கடுப்பும் கண் சிவப்பும்கூடச் சேர்ந்து வரலாம். சுனாமி முகாமிலும் இடம்பெயர்ந்த முகாமிலும் வயிற்றோட்டத்தோடு நாட்களைக் கழித்த எமக்கு இது விளங்காத விடயம் அல்ல.

ஆகவே ஓர் ஆணின் முழங்கால் வீங்கியிருப்பதை வைத்து, அவர் பிழையான வழியில் போனார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதேநேரம், "எனக்கு வயிற்றால் போனது, அதுதான்" என்று அவர் சொல்வதோடு விட்டுவிடவும் முடியாது. பரிசோதனை செய்துதான் பார்க்க வேண்டும்.

எமது உடம்புக்கு என்ன நடக்கும்?

வீங்கிய மூட்டு தொற்றாது. அவருடைய காலுக்கு எண்ணெய் பூசுவதாலோ, அவருடைய உடுப்பைத் தோய்ப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ எதுவும் வராது. தொற்றுவது கிளமிடியாக் கிருமி. அது பாலுறவினால் தொற்றும்.

ஆணுக்குச் சலக்கடுப்பு, கண், முழங்கால் என்று ஏதாவது வந்து காட்டிக் கொடுக்கலாம். கிளமிடியா தொற்றிய பெண்களுள் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. சிலருக்கு வெள்ளைபடுதல் மாறும், அடிவயிறு நோகும், உறவின் பின் இரத்தம் படும். இவற்றையும் நாம் 'சூடு' என்று சொல்லிப் பொறுத்துக் கொள்கிறோம். கவனிக்காமல் விட்டால் கிருமி மேலேறிக் கர்ப்பப்பையையும், கருக்குழாயையும் பாதிக்கலாம். அதனால் பிள்ளை தங்காமல் போகலாம். கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். கர்ப்பிணிக்கு இருந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கண்ணிலும் நெஞ்சிலும் நோய் வரலாம். பிள்ளை இல்லை என்று எத்தனை பெண்களை எமது ஊர்கள் பேசிப் பேசியே வருத்தியிருக்கின்றன! அவர்களுள் சிலருக்காவது காரணம் மருந்து கிடைக்காத ஒரு தொற்றாக இருந்திருக்கலாம்.

"கர்ப்பமாக இருந்தபோது இரத்தம் சோதித்தார்களே" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அந்த வைத்தியரிடம் அதைத்தான் கேட்டேன். அந்தச் சோதனை சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கானது. எமது நாட்டுத் தாய்மார் மருத்துவமாதுவின் சொற்கேட்டு அந்தச் சோதனைகளைச் செய்து வந்ததன் பலனாகவே, தாயிடமிருந்து குழந்தைக்கு அந்த இரு நோய்களும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. கிளமிடியா அந்த இரத்தச் சோதனையில் தெரியாது. அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை இரண்டு, காலமும் இரண்டு

கிருமிக்கு ஒரு மருந்து, மூட்டுக்கு வேறொரு மருந்து. இதை விளங்கிக் கொள்ளாததால்தான் பலர் இடையில் மருந்தை நிறுத்தி விடுகிறார்கள்.

கிளமிடியாவுக்கு வழமையாக டொக்சிசைக்கிளின் குளிசை 7 நாட்களுக்குக் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு அசித்ரோமைசின் போன்ற வேறு மருந்து உண்டு. ஆகவே நாள் தள்ளிப் போயிருந்தால் முதலிலேயே சொல்லி விடுங்கள். கணவன், மனைவி இருவரும் ஒரே காலத்தில் மருந்து எடுக்க வேண்டும். இருவரும் முடிக்கும் வரை, ஆகக் குறைந்தது 7 நாட்கள், உறவு கூடாது. ஒருவர் மட்டும் எடுத்தால் கிருமி மற்றவரிடமிருந்து திரும்ப வரும். அவருடைய மருந்தைப் பாதி பிரித்து நீங்கள் குடிப்பது மருந்தே ஆகாது.

மூட்டு அவ்வளவு கெதியில் ஆறாது. வீக்கத்தைக் குறைக்கும் குளிசைகள் கொடுப்பார்கள். அவற்றைச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டும். வயிற்றில் புண் உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தேவையானால் மூட்டுக்குள் ஊசி போடுவார்கள். நீடித்தால் சல்பசலசின் போன்ற மருந்து தொடங்குவார்கள். பெரும்பாலானோருக்கு 3 முதல் 12 மாதங்களுக்குள் குணமாகும். சிலருக்கு நீடிக்கலாம், திரும்பவும் வரலாம். என் கணவருக்கு எட்டு மாதம் சென்றது. அந்த எட்டு மாதமும் நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் குடும்பம் போனது. வீக்கம் குறையக் குறைய, காலை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சியை அவர் செய்தார். படுத்தே கிடந்தால் தொடைத் தசை மெலிந்து விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

இரண்டு விடயங்களில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கண் சிவப்போடு நோவும், வெளிச்சம் பார்க்க முடியாமையும், பார்வை மங்கலும் இருந்தால் உடனே கண் வைத்தியரிடம் போக வேண்டும். கவனிக்காவிட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். ஒரு மூட்டு மட்டும் திடீரென்று நெருப்பாகச் சுட்டு, காய்ச்சலும் சேர்ந்திருந்தால், மூட்டுக்குள்ளேயே கிருமி புகுந்திருக்கக் கூடும். அதற்கு எண்ணெய் பூசிக் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

யார் கொண்டு வந்தது?

இந்தக் கேள்வி எழாத வீடு இருக்க முடியாது. சோதனை கிருமி இருக்கிறதா என்றுதான் சொல்லும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை அது சொல்லாது. கிளமிடியா மாதக் கணக்கில் தெரியாமல் உடம்பில் இருக்கக் கூடியது. அந்தப் பெண் வைத்தியர், "தங்கச்சி, இது கோடு இல்ல, கிளினிக்" என்றார். அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனாலும் கேட்கும் உரிமை எமக்கு உண்டு. மருந்து முடிந்த பின்னர் நான் கேட்டேன். அவர் சொன்ன பதில் எங்கள் இருவருக்கும் உரியது. ஆனால் வெளியூர் போய் வரும் காலத்தில் இருவரும் மீண்டும் சோதிக்கும் வரை ஆணுறை இல்லாமல் உறவு இல்லை என்று நான் சொன்னதையும், அதற்கு அவர் இணங்கியதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். எங்கள் சண்டை சொல்லோடு நின்றது.

எல்லா வீடுகளிலும் அப்படி நிற்பதில்லை. அறிகுறி முதலில் ஆணுக்குத் தெரிவதால், "நீதான் தந்தாய்" என்று பெண் மேல் பழி போடுவது எளிது. கணவரை யுத்தத்தில் இழந்து பின்னர் ஒருவரோடு வாழும் பெண்ணுக்கு இந்தப் பழி இன்னும் கெதியாக வரும். அடி விழுந்தால் அது குடும்ப விடயம் அல்ல. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பல அரச வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் இதற்கென்றே ஓர் இடம் உண்டு. கணவரிடம் சொல்வது ஆபத்து என்று தோன்றினால், அதனைக் கிளினிக்கில் முதலிலேயே சொல்லுங்கள். எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவர்களோடு பேசித் தீர்மானிக்கலாம்.

எங்கே போவது?

தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் மாவட்டங்கள் தோறும் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. எமக்குக் கிட்டியது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருப்பது. செங்கலடிச் சந்தியிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய 15 கிலோமீற்றர். காசு இல்லை. யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே போகலாம். விவாகமானவரா என்பது சிகிச்சைக்கு நிபந்தனை அல்ல. சொல்வதை இரகசியமாக வைத்திருப்பார்கள். போக முன்னர் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால், உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேளுங்கள். அவர் எத்தனையோ வீடுகளின் கதைகளை மனதுக்குள் வைத்துக் கொண்டு நடப்பவர்.

அங்கே போய் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்ட பெண்ணுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். "என் கணவருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, சலக்கடுப்பும் கண் சிவப்பும் இருந்தது, என்னையும் பாருங்கள்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் கேட்க வேண்டியதை அவர்கள் கேட்பார்கள்.

யுத்த காலம் முழுவதும் மற்றவர்களின் காயத்துக்கு மருந்து தேடி அலைந்தவர்கள் நாம். சோதனைச் சாவடிகளில் நோயாளியைத் தாங்கிக் கொண்டு நின்றோம், கிளினிக் கொப்பிகளைப் பையில் காவிக் கொண்டு திரிந்தோம். ஆயினும் எமது பெயரில் ஒரு கொப்பி இருந்தது பெரும்பாலும் பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில் மட்டும்தான். அவருடைய முழங்காலுக்காகப் போகும் அன்றே, உங்கள் பெயரிலும் ஒரு கொப்பி எடுங்கள்.